சிங்க்கில் தண்ணீர் நிற்கிறதா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு வைத்தால் திங்கட்கிழமை காலையில் சிங்க் அடைத்துக்கொள்ளும். வேலூரில் எங்கள் சத்துவாச்சாரி வீட்டில் ஒரு காலத்தில் இது வழக்கமாகவே இருந்தது. பிளம்பர் அண்ணனுக்குப் போன் போட்டால் "இதோ வந்துகினே இருக்கேம்மா" என்பார். அந்த "இதோ" சில நாள் சாயங்காலம், சில நாள் மறுநாள், முகூர்த்த மாசமாக இருந்தால் மண்டபத்து வேலைக்குப் போய்விடுவார், அதனால் அதற்கும் மறுநாள். அதுவரைக்கும் பாத்திரத்தை எல்லாம் அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் போக வேண்டியதுதான். ஒருநாள் அவர் வேலை செய்யும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மொத்தம் பத்து நிமிஷ வேலை. அதில் முக்கால்வாசி நேரம் அவர் எதையும் குத்தவில்லை, எதையும் ஊற்றவில்லை. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார், பைப்பைத் தட்டிப் பார்த்தார், வெளியே போய், கழிவுநீர் வந்து விழும் சின்னத் தொட்டியான சேம்பரின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

சூட்சுமம் அவ்வளவுதான். தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது, என்ன சத்தம் போடுகிறது, வேறெங்காவது பொங்குகிறதா என்று பார்த்தாலே அடைப்பு எந்த இடத்தில் என்பது பாதி தெரிந்துவிடும். அது தெரியாமல் மொபைலில் பார்த்ததை எல்லாம் வரிசையாக ஊற்றினால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் அதையும் செய்து பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் போகும் வழியை ஒருமுறை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். மேலே சிங்க் ஓட்டையில் இருக்கும் சல்லடை மாதிரியான ஜாலி. அதற்குக் கீழே சிங்க்கைப் பைப்போடு சேர்க்கும் கப்ளிங். அதிலிருந்து சில வீட்டில் சின்னச் செம்பு மாதிரி தொங்கும் பாட்டில் ட்ராப், பல வீட்டில் அது இல்லாமல் நேராக மடிப்பு மடிப்பாக இருக்கும் வேஸ்ட் பைப். அது தரையிலோ சுவரிலோ இருக்கும் ஓட்டைக்குள் போகும். அங்கிருந்து பூமிக்கடியில் பிவிசி பைப், அப்புறம் வீட்டுக்கு வெளியே சேம்பர். சேம்பரைத் தாண்டினால் பாதாளச் சாக்கடை வந்த தெருவில் அதற்குள், வராத தெருவில் செப்டிக் டேங்குக்கோ தெருக் கால்வாய்க்கோ. என் அம்மா வீட்டில் இது எதுவுமே கிடையாது, அடுப்படியிலிருந்து ஒரு ஜலதாரை, நேராக வாழை மரத்துக்கு. அங்கே அடைப்பு என்ற பேச்சே வந்ததில்லை. சரி, நம் கதைக்கு வருவோம்.

தண்ணீர் இறங்குகிறது, ஆனால் மெதுவாக

அவசரப்படாதீர்கள், இது ஆரம்பக் கட்டம், இப்போதே கவனித்தால் கையோடு முடிந்துவிடும். முதலில் ஜாலியைப் பாருங்கள். அடைப்பே இல்லாமல் ஜாலியின் ஓட்டைகள் மட்டும் சின்னதாகிப்போயிருக்கும். எங்கள் பக்கம் காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும், பாத்திரம் கழுவ போர் தண்ணீர்தான், அது உப்பு. ஜாலி ஓட்டையைச் சுற்றி வெள்ளையாகப் படிந்து படிந்து பாதி மூடியே போயிருந்தது, அதில் நாலு கருவேப்பிலை உட்கார்ந்தால் போதாதா? ஒரு துணியை வினிகரில் நனைத்து ராத்திரி ஜாலிமேல் போட்டுவிடுங்கள், காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் பொரிந்து வந்துவிடும். வினிகர் இல்லையென்றால் பிழிந்த எலுமிச்சை மூடியே போதும், கொஞ்சம் அதிகம் தேய்க்க வேண்டியிருக்கும்.

ஜாலி சுத்தம், ஆனாலும் மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் பைப்பின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டியிருப்பது கொழுப்பா, மாவா என்று யோசியுங்கள், ஏனென்றால் வைத்தியம் இரண்டும் நேர் எதிர்.

நேற்று கறி சமைத்தீர்களா, பிரியாணி அண்டா கழுவினீர்களா? அப்படியானால் கொழுப்பு. ஆட்டுக் கொழுப்பு முழுசாக உருக 45, 50 டிகிரி சூடு வேண்டும். அதாவது வேலூர் வெயில் 40-ஐத் தாண்டுகிற அக்னி நட்சத்திரத்தில்கூட அது பைப்புக்குள் கட்டியாகத்தான் இருக்கும். நெய்யும் டால்டாவும் வெயில் காலத்தில் தப்பித்துப் போகும், மார்கழி காலையில் போகாது. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உறைகிறதே, பாட்டிலில் பார்க்கிறோமே, பைப்புக்குள்ளும் அதே கதைதான். இதற்கு வெந்நீர்தான் வேண்டும். ஆனால் கொதிக்கக் கொதிக்க வேண்டாம். பிவிசி பைப் 60 டிகிரிக்கு மேல் தாங்காது, தளர்ந்துவிடும். கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் 65 டிகிரி பக்கம் வரும், சிங்க்கில் பட்டு இறங்குவதற்குள் இன்னும் கொஞ்சம் ஆறிவிடும். அந்தப் பதத்தில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு ஸ்பூனை ஜாலிக்குள் விட்டு, அரை பக்கெட் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். சொட்டுச் சொட்டாக ஊற்றினால் போகும் வழியிலேயே ஆறி, கொழுப்பைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டுபோய் அங்கே உறைய வைத்துவிடும். இரண்டு மூன்று முறை செய்யுங்கள்.

நேற்று மாவு அரைத்தீர்களா, கிரைண்டர் கல்லை சிங்க்கில் கழுவினீர்களா? அப்படியானால் வெந்நீரைத் தொடவே தொடாதீர்கள். இதைப் பலரும் யோசிப்பதில்லை. அரிசி மாவு 65, 70 டிகிரியில் வெந்துவிடும், கூழ் காய்ச்சுகிற மாதிரிதான். பைப்புக்குள் இருக்கும் இட்லி மாவில் வெந்நீரை ஊற்றினால் அங்கேயே களி கிண்டுகிறீர்கள் என்று அர்த்தம். மாவுக்குப் பச்சைத் தண்ணீர்தான், நிறைய, வேகமாக. சிங்க்கின் ஜாலியைத் துணியால் அடைத்து, முக்கால் அளவு தண்ணீர் பிடித்து, துணியை வெடுக்கென்று உருவுங்கள். அந்தத் தண்ணீர் பாரமே தள்ளிக்கொண்டு போகும்.

ஆப்ப சோடாவும் வினிகரும் போட்டால் நுரைத்துக்கொண்டு எல்லாம் சுத்தமாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் பயபக்தியாகச் செய்து பார்த்தேன். நுரை பிரமாதமாக வந்தது, அடைப்பு இருந்த இடத்தில் இருந்தது. சோடா காரம், வினிகர் அமிலம், இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு மிச்சம் வெறும் உப்புத் தண்ணீரும் காற்றும்தான். தனித்தனியாக இரண்டுக்கும் வேலை உண்டு, வினிகர் உப்புப் படிவுக்கு, சோடா நாற்றத்துக்கு. கொழுப்புக்கு ஆப்ப சோடாவைவிட சலவை சோடா எவ்வளவோ மேல். மளிகைக் கடையில் கிடைக்கும். ஒரு கைப்பிடியை ஒரு சொம்பு சூடான தண்ணீரில் கரைத்து ஊற்றி அரை மணி நேரம் விட்டு, அப்புறம் மேலே சொன்ன பக்கெட் தண்ணீர். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோல் வறண்டுபோகும்.

சுத்தமாக நின்றுவிட்டது, ஒரு சொட்டும் இறங்கவில்லை

இப்போது மேலே மேலே எதையும் ஊற்றாதீர்கள். அடைப்பு நீக்கும் பொடி போடாதீர்கள். நிற்கிற தண்ணீரில் பாதியை மக்கால் மொண்டு வாளியில் ஊற்றுங்கள், பாதி இருக்கட்டும், பம்புக்கு அது வேண்டும்.

கையில் ரப்பர் பம்ப் இருந்தால் நல்லது, ஹார்டுவேர் கடையில் மரப்பிடி வைத்துக் கிடைக்கும். டாய்லெட்டுக்கு வைத்திருப்பதை எடுத்துவந்து சிங்க்கில் வைக்காதீர்கள், சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். சிங்க்கின் மேல் பக்கம் ஓவர்ஃப்ளோ ஓட்டை இருந்தால் ஈரத்துணியை மடித்து அதை இறுக்க அடைத்துக்கொள்ளுங்கள். இரட்டைத் தொட்டி சிங்க் என்றால் இன்னொரு தொட்டியின் ஜாலியையும் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்கே அழுத்தும் காற்று அங்கே பீய்ச்சிக்கொண்டு வந்து நைட்டியை நனைத்துவிடும். ரப்பர் விளிம்பு தண்ணீரில் முழுசாக மூழ்கியிருக்கட்டும். முதல் அழுத்து மெதுவாக, உள்ளே இருக்கும் காற்று வெளியேறட்டும். அப்புறம் பதினைந்து இருபது முறை வேகமாக. எல்லோரும் அழுத்துவதில்தான் பலத்தைக் காட்டுகிறார்கள், ஆனால் இழுப்பதில்தான் வேலை நடக்கிறது. அழுத்தினால் அடைப்பு இன்னும் இறுகிப்போகலாம், இழுத்தால்தான் அது ஆட்டம் காணும். கடைசி இழுப்பில் வெடுக்கென்று தூக்கிவிடுங்கள்.

பம்ப் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பி, வாயைச் சுற்றி துணியைச் சுற்றி, ஜாலியின்மேல் கவிழ்த்து அழுத்திப் பிடித்து, இரண்டு கையாலும் நசுக்குங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பாட்டில் ட்ராப் வரைக்கும் இருக்கிற சின்ன அடைப்புக்கு இது போதும்.

துடைப்பத்து ஈர்க்குச்சியை விட்டுக் குத்துவது நம் வீட்டில் பரம்பரைப் பழக்கம். ஜாலி ஓட்டையில் சிக்கியதை எடுக்க மட்டும் சரி. அதற்குக் கீழே விட்டால் உள்ளே ஒடிந்துகொள்ளும், அப்புறம் அந்த ஈர்க்குச்சியைச் சுற்றியே அடுத்த அடைப்பு கட்டும்.

பம்ப் அடித்தும் இறங்கவில்லை என்றால் கழற்ற வேண்டியதுதான். பயப்பட ஒன்றுமில்லை. சிங்க்குக்கு அடியில் இருக்கும் எண்ணெய் டின், வெங்காயக் கூடை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். வாளியை நேர் கீழே வையுங்கள், பாத்திரம் போதாது, வாளிதான். குழாய்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுங்கள். ஏனென்றால் நீங்கள் கீழே உட்கார்ந்து கழற்றிக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாராவது ஒருவர் வந்து கை கழுவுவார், இது தவறாமல் நடக்கும். பாட்டில் ட்ராப்பின் அடிக்கிண்ணத்தைக் கீழிருந்து பார்த்தபடி இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வரும். கையால் வரவில்லை என்றால் ஈரத்துணியைச் சுற்றிப் பிடியுங்கள். ஸ்பேனரை மாட்டினால் பிளாஸ்டிக் விண்டுபோகும்.

நான் முதல்முறை கழற்றியபோது உள்ளே இருந்ததை இன்னும் மறக்கவில்லை. வெண்ணெய் நிறத்தில் கிண்ணத்தின் வடிவத்திலேயே ஒரு கட்டி. விரலால் அழுத்தினால் மெழுகு மாதிரி குழி விழுந்தது. பேப்பரில் கவிழ்த்துக் குச்சியால் பிளந்தால், புளிச்சக்கை, கடுகு, தேங்காய் நார், டீத்தூள், அடியில் பாத்திரம் தேய்க்கும் பொடியின் மண் ஒரு விரல் தடிமனுக்கு, நடுவில் துருப்பிடித்த ஒரு ஊக்கு. அந்த ஊக்கில்தான் நார் எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. உப்புத் தண்ணீர் வீடுகளில் இந்தக் கட்டி கொஞ்சம் கல் மாதிரியே இருக்கும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் கொழுப்பும் சேர்ந்து, தண்ணீரில் கரையவே கரையாத ஒரு சோப்பாக மாறிவிடுகிறது. அந்தக் கட்டத்துக்கு வந்த பிறகு எந்த வெந்நீரும் அதைத் தொடாது, கையால்தான் எடுக்க வேண்டும். எடுத்ததைக் குப்பையில் போடுங்கள், பாத்ரூமில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்.

பாட்டில் ட்ராப் இல்லாமல் மடிப்பு பைப் மட்டும் இருந்தால் அதன் மேல்நுனியைக் கப்ளிங்கிலிருந்து கழற்றி, முழுசாக உருவி, வெளியே கொண்டுபோய்த் தரையில் நாலு அடி அடித்தாலே பாதி விழுந்துவிடும். உள்ளே ஒவ்வொரு மடிப்பிலும் ஒட்டியிருப்பதைப் பால்பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் தேய்க்கலாம். என்னைக் கேட்டால், இரண்டு மூன்று வருஷம் ஆன பைப் என்றால் அதோடு போராடாமல் புதுசு வாங்கி மாட்டிவிடுங்கள். அது ஒன்றும் தங்கமில்லை.

பொடி, ஆசிட்

சாஷேயில் வரும் அடைப்பு நீக்கும் பொடியைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. அது காஸ்டிக் சோடா. கொழுப்பை உண்மையிலேயே கரைக்கும், ஆனால் அது தண்ணீர் மெதுவாக இறங்கும் கட்டத்துக்கான மருந்து. முழுசாக நின்றுபோன சிங்க்கில் போட்டால் பொடி அடைப்பைப் போய்ச் சேராமல் நடுவிலேயே தண்ணீரோடு சேர்ந்து சூடாகி, சமயத்தில் பைப்புக்குள்ளேயே கல்லாக இறுகிவிடும். அப்புறம் இரண்டு அடைப்பு. போடுவதென்றால் கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, சிங்க்கில் ஒரு அலுமினியச் சட்டிகூட இல்லாமல் பார்த்துக்கொண்டு (அலுமினியத்தை அது அரித்துத் தின்னும், கூடவே சூடும் ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும்), சாஷேயில் போட்டிருக்கும் அளவுக்கு, பச்சைத் தண்ணீரோடு. வெந்நீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பொடி போட்ட பிறகு பம்ப் அடிக்காதீர்கள், அதே காரணம். பொடி போட்டும் போகாமல் பிளம்பரைக் கூப்பிட்டால், கதவைத் திறந்ததும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள். அவர் வெறுங்கையைத்தான் உள்ளே விடப்போகிறார்.

பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். ஸ்டீல் சிங்க்கைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும், கொழுப்பை ஒன்றும் செய்யாது. முன்னாடியே பொடி போட்டிருந்து அதன்மேல் ஆசிட் ஊற்றினால் சீறிக்கொண்டு மேலே வரும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. அப்படி ஏதாவது காட்டமாக மூக்கில் ஏறினால் அடைப்பை மறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

குளுக் குளுக் என்று சத்தம்

தண்ணீர் இறங்கும்போது கடைசியில் ஒரு குளுக் கேட்பது சகஜம். இறங்கும்போதெல்லாம் குளுகுளுவென்று கேட்டு, ஜாலி வழியாகக் குமிழி வந்தால் பைப்பில் காற்றுக்கு வழியில்லை என்று அர்த்தம். பாதிவாசி இடங்களில் இதற்குக் காரணம் அடைப்பே இல்லை. மடிப்பு பைப்பின் வால் நீளமாக இருக்கும், அதை வெட்டாமல் தரை ஓட்டைக்குள் முழுசாக நுழைத்திருப்பார்கள், வால் நுனி அடியில் நிற்கும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். இரண்டு அங்குலம் மேலே இழுத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் மிச்ச வாலை வெட்டிவிடுங்கள், வேலை முடிந்தது. நிற்கவில்லை என்றால் அடைப்பு தரைக்குக் கீழே மெல்ல மெல்லக் கட்டிக்கொண்டிருக்கிறது, சேம்பரைப் பாருங்கள்.

தண்ணீர் ஒழுங்காகப் போகிறது, நாற்றம் மட்டும் அடிக்கிறது

மே மாசம் லீவுக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்து கதவைத் திறந்தால் சாக்கடை நாற்றம். ஒன்றும் அடைக்கவில்லை. ட்ராப்பில் எப்போதும் இரண்டு மூன்று அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும், அதுதான் கீழேயிருந்து வரும் வாடையைத் தடுக்கிற கதவு. அது வற்றிப்போயிருக்கும். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் சரி. அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது தண்ணீர் ஊற்றி அதன்மேல் ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டுவிட்டுப் போங்கள், சீக்கிரம் வற்றாது.

ட்ராப்பே இல்லாத வீட்டில் மடிப்பு பைப்பையே யானைத் தும்பிக்கை மாதிரி கீழே வளைத்து மேலே தூக்கி ஒரு கட்டுக்கம்பியால் கட்டிவிடுங்கள், அந்த வளைவில் தண்ணீர் நிற்கும். ரொம்ப இறுக்கிக் கட்டினால் பைப் மடங்கி அங்கேயே அடைக்கும். பைப் தரைக்குள் போகும் இடத்தில் சுற்றிலும் இடைவெளி இருந்தால் ராத்திரி கரப்பான் ஊர்வலம் அந்த வழியாகத்தான் வருகிறது. ரப்பர் வாஷர் கிடைக்கும், இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி அடைக்கலாம்.

சிங்க் காலியாகிவிடுகிறது, தரையில் வெள்ளம்

சிங்க் தண்ணீர் சரசரவென்று இறங்கி, கீழே பைப் நுழையும் ஓட்டையைச் சுற்றிப் பொங்கி வந்தால் சிங்க்கையும் ட்ராப்பையும் விட்டுவிடுங்கள், அங்கே குற்றமில்லை. அடைப்பு அதற்கு அந்தப் பக்கம். வெளியே போய் சேம்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள். மூடிக்கல் கனமாக இருக்கும், விரலை அடியில் விடாமல் கடப்பாரையால் நெம்புங்கள். சேம்பர் காலியாக, அடி தெரிகிற மாதிரி இருந்தால் அடைப்பு சமையலறைக்கும் சேம்பருக்கும் நடுவில். சேம்பர் ததும்பிக்கொண்டிருந்தால் அதற்கும் வெளியே. இந்த ஒரு பார்வைக்காகத்தான் எங்கள் பிளம்பர் அண்ணன் எப்போதும் முதலில் வெளியே போகிறார்.

சேம்பர் காலி என்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ் பைப்பை எடுத்து, நுனியிலிருந்து ஒரு சாண் விட்டுத் துணியைச் சுற்றி இறுகக் கட்டி, சேம்பர் பக்கத்திலிருந்து சமையலறையை நோக்கி நுழையுங்கள். இடித்து நிற்கும் இடத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஏன் வெளிப்பக்கத்திலிருந்து என்றால், அடைப்பு உடைந்ததும் அந்தக் கசடு எல்லாம் சேம்பரில் விழும், அள்ளிப் போட்டுவிடலாம், உள்ளிருந்து தள்ளினால் இன்னும் தூரம் போய் மறுபடி உட்காரும். உள்ளே யாராவது ஒருவர் ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளட்டும், தண்ணீர் எதிர்த்து வந்தால் குரல் கொடுக்க. ஹோஸ் பிடி கொடுக்கவில்லை என்றால் ஹார்டுவேர் கடையில் ஸ்பிரிங் கம்பி கேளுங்கள், சுழற்றிக்கொண்டே நுழைத்தால் வளைவில் திரும்பும். நேர் கம்பியும் மூங்கில் பத்தையும் வளைவில் திரும்பாது, பலமாகக் குத்தினால் பிவிசி எல்போ உடைந்துவிடும். அப்புறம் தரையைத்தான் வெட்ட வேண்டும்.

பாத்ரூமும் சேர்ந்து நிற்கிறது, அல்லது மாடியில் கழுவினால் நம் சிங்க்கில் ஏறுகிறது

இந்த இரண்டும் வீட்டு வைத்தியத்தைத் தாண்டியது. எல்லா வழியும் சேர்ந்து நின்றால் மெயின் லைன் அல்லது செப்டிக் டேங்க் நிறைந்திருக்கிறது, ஐப்பசி கார்த்திகை மழையில் தெருக் கால்வாய் ததும்பினாலும் இதே கதைதான். முதலில் வீட்டில் தண்ணீர் திறப்பதை நிறுத்துங்கள், தெருப்பக்கம் என்றால் மாநகராட்சிக்குச் சொல்லுங்கள், டேங்க் என்றால் லாரிக்குச் சொல்லுங்கள். யாரையும் டேங்குக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ இறக்காதீர்கள், அவரே "ரெண்டு நிமிஷம், இறங்கி எடுத்துர்றேன்" என்றாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் வாயு ஆளை அந்த இரண்டு நிமிஷத்திலேயே சாய்த்துவிடும், 2013-இல் வந்த சட்டமும் அதைத் தடை செய்திருக்கிறது.

மாடித் தண்ணீர் நம் சிங்க்கில் ஏறினால் இரண்டு வீட்டுக்கும் பொதுவான இறக்குப் பைப்பில் நமக்குக் கீழே அடைத்திருக்கிறது. மாடிக்காரர் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை, அவருக்கு ஒழுங்காகத்தானே போகிறது. அடைப்பு எடுக்கிறவரைக்கும் கொஞ்சம் கழுவாமல் இருக்கச் சொல்லுங்கள், செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் எடுத்தாச்சு, பத்து நாளில் மறுபடியும்

எனக்கு நாலு மாசம் இதுதான் நடந்தது. ட்ராப் சுத்தம், சேம்பர் சுத்தம், ஆனாலும் பத்து நாளைக்கு ஒருமுறை. கடைசியில் பிளம்பர் அண்ணன் சிங்க்குக்கு அடியில் படுத்தபடி பைப்பின் வயிற்றைக் கையால் தாங்கிக் காட்டினார்.

"இன்னாம்மா இது, தொட்டி மாதிரி தொங்கினு இருக்குது? கஞ்சிய வடிச்சி சூட்டோட இதுலயே ஊத்தினு இருக்கீங்களா?"

நான் ஊற்றுவதில்லை. திரும்பி அத்தையைப் பார்த்தேன். அத்தை கருவேப்பிலையை ரொம்பக் கவனமாக ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சூடா ஊத்தனா உள்ள இருக்கற பிசுக்கு எல்லாம் போயிடும்னு நெனச்சேன்பா" என்றார் கொஞ்சம் கழித்து.

கொதிக்கும் கஞ்சி மடிப்பு பைப்பை இளக்கி, நடுவில் தொய்ந்து, அந்தத் தொய்வில் கஞ்சியே தேங்கி, அதில் மாவும் எண்ணெயும் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அத்தை சொன்னதிலும் தப்பு இல்லை, அந்தக் காலத்து இரும்புப் பைப்புக்கும் ஜலதாரைக்கும் அது சரியான வைத்தியம்தான். புது பைப் குட்டையாக வெட்டி மாட்டினோம், கஞ்சி இப்போது ஆறிய பிறகு செடிக்குப் போகிறது. அதற்கப்புறம் அந்தப் பத்து நாள் கணக்கு நின்றது.

உங்கள் வீட்டில் திரும்பத் திரும்ப வந்தால் இதே மாதிரி தொய்வு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தரைக்குள் பைப் வாட்டம் இல்லாமல் பதித்திருக்கலாம். பத்து அடி தூரத்துக்கு மூன்று அங்குலமாவது இறக்கம் வேண்டும். வாட்டம் இல்லாத பைப்பை எந்தப் பொடியாலும் திருத்த முடியாது, அதை வீடு கட்டியவரிடம்தான் கேட்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பழக்கம்தான். கறிப் பாத்திரத்தை, கத்திரிக்காய்க் கொத்சு வைத்த சட்டியை, முதலில் பழைய பேப்பரால் துடைத்துப் போட்டுவிட்டுக் கழுவுங்கள். மாவுப் பாத்திரம் கழுவிய முதல் தண்ணீர் செடிக்கு. ஜாலிமேல் வைக்கும் சின்ன ஸ்டீல் வடிகட்டி ஒன்று வாங்கிவிடுங்கள், பாத்திரக் கடையில் கிடைக்கும்.

கழற்றி மாட்டிய பிறகு சொட்டுகிறது

இது எல்லோருக்கும் நடக்கும். நட்டை இன்னும் இறுக்காதீர்கள், கழற்றுங்கள். உள்ளே ரப்பர் வாஷர் திரும்பி உட்கார்ந்திருக்கும், அல்லது பழசாகித் தட்டையாகியிருக்கும், அல்லது மரையில் ஒரு துளி கசடு ஒட்டியிருக்கும். துடைத்து, வாஷரை நேராக வைத்து, மரை கோணாமல் கையாலேயே பூட்டுங்கள். தட்டையாகியிருந்தால் அதையே கடைக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டி அதே அளவு வாங்குங்கள், வாயால் அளவு சொல்லி வாங்கியது எனக்கு இதுவரை ஒருமுறையும் பொருந்தியதில்லை. டேப் சுற்றினால் நிற்கும் என்று சொல்வார்கள், வாஷர் வைத்துப் பூட்டுகிற இடத்தில் டேப்புக்கு வேலையில்லை.

மாட்டியதும் சிங்க்கை முக்கால்வாசி நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள், சன்னமாக விட்டுப் பார்த்தால் கசிவு தெரியாது. ஒவ்வொரு நட்டையும் காய்ந்த விரலால் தடவிப் பாருங்கள். கடைசியாக அடியில் ஒரு தினசரிப் பேப்பரை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் பேப்பர் மொறமொறவென்று இருந்தால் எண்ணெய் டின்னையும் வெங்காயக் கூடையையும் திரும்ப உள்ளே வைக்கலாம்.